‘ஃபார்மெட் செய்யட்டுமா?’ என்று கம்ப்யூட்டர் கேட்கிறதா? அவசரப்பட்டு ‘ஓகே’ கொடுக்காதீர்கள்!

திருவண்ணாமலை கிரிவலப் பாதையில் இருக்கும் அடி அண்ணாமலையிலிருந்து ஒரு வாசகி நம் பகுதிக்கு மெயில் அனுப்பியிருக்கிறார். பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால், கடிதத்தை மட்டும் சுருக்கித் தருகிறேன்.

“எங்கள் வீட்டு டெஸ்க்டாப்பில் விண்டோஸ் இருக்கிறது. அதிலிருந்த போட்டோ, வீடியோ எல்லாவற்றையும் ஒரு 1 டி.பி. ஹார்டு டிஸ்க்கில் பேக்கப் எடுத்து வைத்துவிட்டு, இடம் பற்றாமல் கம்ப்யூட்டரில் அழித்துவிட்டோம். இப்போது அந்த டிஸ்க் பழசாகிவிட்டது. சில நாள் சொருகினால் தெரிகிறது, சில நாள் தெரிவதில்லை. பெங்களூரில் வேலை பார்க்கும் தம்பி, பொங்கலுக்கு வந்தபோது புதிதாக 2 டி.பி. டிஸ்க் வாங்கி வந்தான். அவனுடையது மேக்புக். புது டிஸ்க்கை அதில் ஃபார்மெட் செய்து, குழந்தையின் படங்களை எல்லாம் அதில் போட்டுவிட்டு, போனில் அழித்துவிட்டான். அந்த டிஸ்க்கை எங்கள் கம்ப்யூட்டரில் சொருகினால், ‘இதைப் பயன்படுத்த ஃபார்மெட் செய்ய வேண்டும், செய்யட்டுமா?’ என்று வருகிறது. பழைய டிஸ்க்கை அவனுடைய மேக்கில் சொருகினால் படங்கள் திறக்கின்றன; ஆனால், புதிதாக எதையும் அதில் போட முடியவில்லை. எங்கள் அப்பா கடைசியாகப் பேசிய கார்த்திகை தீப வீடியோ பழைய டிஸ்க்கில்தான் இருக்கிறது. புது டிஸ்க் கெட்டுப்போய்விட்டதா? ஃபார்மெட் கொடுத்துவிடலாமா?”

முதல் கேள்விக்குப் பதில்: கெட்டுப்போகவில்லை. இரண்டாவதற்குப் பதில்: தயவுசெய்து கொடுக்காதீர்கள். கொடுத்தால் தம்பி குழந்தையின் படங்கள் போய்விடும்.

இந்த வீட்டில் இருக்கும் சிக்கல் இன்று பல வீடுகளில் இருக்கிறது. அக்காவிடம் விண்டோஸ், தம்பியிடம் மேக், அலமாரியில் 2011 முதல் தமிழக அரசு மாணவர்களுக்குக் கொடுத்த விலையில்லா லேப்டாப்களில் ஒன்று. டிஸ்க் மட்டும் கைக்குக் கை மாறிக்கொண்டே இருக்கிறது. அதனால் கொஞ்சம் விரிவாகவே பார்த்துவிடுவோம்.

டிஸ்க் ஒன்றுதான், பொருளடக்கம் வேறு

ஹார்டு டிஸ்க்கை ஒரு தடிமனான புத்தகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்தப் படம் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று சொல்ல முன்பக்கத்தில் ஒரு பொருளடக்கம் இருக்கும். அதை எழுதும் முறையைத்தான் ‘ஃபைல் சிஸ்டம்’ என்கிறார்கள். நாம் பேச்சுவழக்கில் ‘ஃபார்மெட்’ என்போம். விண்டோஸ் ஒரு முறையில் எழுதும். மேக் வேறு முறையில் எழுதும். லினக்ஸுக்கு இன்னொரு முறை.

மேக் எழுதிய பொருளடக்கத்தை விண்டோஸால் படிக்க முடியாது. படிக்க முடியாததை அது ‘காலி’ அல்லது ‘கோளாறு’ என்று எடுத்துக்கொள்கிறது. அதனால்தான் ‘ஃபார்மெட் செய்யட்டுமா?’ என்று கேட்கிறது. சில சமயம் கேட்காது. டிஸ்க்கையே காட்டாமல் விட்டுவிடும். இரண்டுக்கும் அர்த்தம் ஒன்றுதான். அடி அண்ணாமலையிலிருந்து பார்த்தால் மலை ஒரு மாதிரி தெரியும், ராஜகோபுரத்துப் பக்கம் நின்று பார்த்தால் வேறு மாதிரி தெரியும். அதற்காக இந்தப் பக்கம் மலை இல்லை என்று சொல்லிவிட முடியுமா?

‘ஓகே’ கொடுத்தால் என்ன ஆகும்? பழைய பொருளடக்கத்தைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக ஒன்றை எழுதிவிடும். உள்ளே இருக்கும் பக்கங்களுக்குப் போக வழி இருக்காது. ஆக, ‘ஃபார்மெட் மாற்றுவது’ என்பது வேஷ்டி மாற்றுவது போன்ற வேலை இல்லை. வீட்டைக் காலி செய்து, இடித்து, திரும்பக் கட்டுவது போன்றது. உள்ளே இருப்பவர்களை முதலில் வெளியே கொண்டுவந்துவிட வேண்டும்.

நாலு பெயர் தெரிந்தால் போதும்

ஃபேட்32: 1996-ல் விண்டோஸ் 95-ன் பிந்தைய பதிப்போடு வந்தது. பழைய டி.வி., கார் ஸ்டீரியோ வரை எல்லாம் இதைப் படிக்கும். ஆனால், ஒரு ஃபைல் 4 ஜி.பி.க்குள்தான் இருக்க வேண்டும். கல்யாண வீடியோ 6 ஜி.பி. இருந்தால் ஏற்காது. டிஸ்க்கில் 500 ஜி.பி. காலியாக இருந்தாலும் ‘ஃபைல் மிகப் பெரியது’ என்று சொல்லும். பலர் குழம்புவது இங்கேதான். குறை இடத்தில் இல்லை, ஃபார்மெட்டில்.

என்.டி.எஃப்.எஸ்: 1993-ல் விண்டோஸ் என்.டி.யோடு வந்தது. இன்றும் விண்டோஸின் சொந்த முறை இதுதான். மேக் இதைப் படிக்கும், ஆனால் எழுதாது. வாசகியின் பழைய டிஸ்க்கை மேக்கில் சொருகியபோது நடந்தது இதுதான்.

ஆப்பிள் முறைகள்: 1998-ல் வந்த எச்.எஃப்.எஸ் பிளஸ், 2017-ல் வந்த ஏ.பி.எஃப்.எஸ். தம்பியின் புது டிஸ்க் இந்த இரண்டில் ஒன்றாகத்தான் இருக்கும். தனி மென்பொருள் போடாமல் விண்டோஸில் திறக்காது.

எக்ஸ்ஃபேட்: 2006-ல் மைக்ரோசாஃப்ட் கொண்டுவந்தது. 4 ஜி.பி. தடை கிடையாது. விண்டோஸ், மேக் இரண்டுமே இதைப் படிக்கும், எழுதவும் செய்யும். 2019-ல் மைக்ரோசாஃப்ட் இதன் விவரக்குறிப்பை வெளிப்படையாக வெளியிட்டது. அதே ஆண்டில் லினக்ஸ் கெர்னலுக்குள்ளும் வந்துவிட்டது. அக்கா - தம்பி வீட்டுக்கு இதுதான் பொதுப்பாதை.

எக்ஸ்ஃபேட்டுக்கும் ஒரு பலவீனம் உண்டு. என்.டி.எஃப்.எஸ்ஸும் ஆப்பிள் முறைகளும் எழுதும் வேலை பாதியில் நின்றுபோனாலும் பொருளடக்கம் சிதையாமல் காத்துக்கொள்ள ஒரு ஏற்பாடு வைத்திருக்கின்றன. எக்ஸ்ஃபேட்டில் அது இல்லை. காப்பி ஓடும்போது கரன்ட் போனால், அல்லது ‘எஜெக்ட்’ கொடுக்காமல் ஒயரைப் பிடுங்கினால், ஆபத்து அதிகம். யு.பி.எஸ். இல்லாத டெஸ்க்டாப்பைவிட, சார்ஜ் ஏற்றிய லேப்டாப்பில் இந்த வேலையைச் செய்வது நல்லது.

உங்கள் டிஸ்க் எந்த ஃபார்மெட் என்று பார்க்க: விண்டோஸில் டிஸ்க்கின் மேல் ரைட் கிளிக் செய்து ‘ப்ராப்பர்ட்டீஸ்’ போனால் ‘ஃபைல் சிஸ்டம்’ என்ற இடத்தில் இருக்கும். மேக்கில் டிஸ்க்கைத் தேர்ந்தெடுத்து ‘கெட் இன்ஃபோ’ கொடுத்தால் ‘ஃபார்மெட்’ என்ற இடத்தில் இருக்கும்.

ஒரே ஒரு விதி

இனி செய்யப்போகும் எல்லாவற்றுக்கும் ஒரே விதிதான். எந்த நிமிடத்திலும், எந்தப் படமும் ஒரே ஓர் இடத்தில் மட்டும் இருக்கக் கூடாது.

வாசகியின் வீட்டில் இன்று அப்பாவின் வீடியோ ஒரே இடத்தில் இருக்கிறது. அதுவும் மக்கர் செய்யும் டிஸ்க்கில். குழந்தையின் படங்களும் ஒரே இடத்தில்தான். அதுவும் ஃபார்மெட் கேட்கும் டிஸ்க்கில். இரண்டையும் ‘பேக்கப்’ என்று சொல்கிறோம். ஆனால், மூலத்தை அழித்துவிட்டால் மிச்சம் இருப்பது பேக்கப் இல்லை. அதுதான் மூலம். பேக்கப் என்று ஒன்று கிடையாது என்றுதான் அர்த்தம்.

இதை மனதில் வைத்துக்கொண்டு, அடி அண்ணாமலை வீட்டுக்கான வரிசையைப் பார்ப்போம். உங்கள் வீட்டுக்கும் சின்ன மாற்றங்களோடு பொருந்தும்.

1. முதலில் திரும்பக் கிடைக்காததை மட்டும் காப்பாற்றுங்கள். மக்கர் செய்யும் டிஸ்க் எப்போது முழுதாக நிற்கும் என்று யாருக்கும் தெரியாது. 1 டி.பி.யையும் ஒரே மூச்சில் இழுக்க வேண்டாம். பழைய டிஸ்க்கை மேக்கில் சொருகி, அப்பாவின் வீடியோவை மேக்கின் உள்ளே காப்பி செய்யுங்கள். திறந்து கடைசி வரை ஓட்டிப் பாருங்கள். பிறகு கூகுள் டிரைவ் போன்ற ஏதாவது ஒன்றிலும் ஏற்றுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

மேக்கால் என்.டி.எஃப்.எஸ் டிஸ்க்கில் எழுத முடியாது என்று சொன்னேன் அல்லவா? இந்த இடத்தில் அது வசதிதான். கைதவறி அழிக்கக்கூட அதனால் முடியாது. பழைய டிஸ்க்குக்கு அது ஒரு பூட்டு மாதிரி.

2. குழந்தையின் படங்களை இரண்டு இடத்தில் வையுங்கள். புது டிஸ்க்கிலிருந்து மேக்கின் உள்ளே ஒரு பிரதி, ஒரு பென் டிரைவில் இன்னொரு பிரதி. அடுத்த படியில் புது டிஸ்க்கைக் காலி செய்யப்போகிறோம். அந்த நேரத்தில் மேக் மட்டும் இருந்தால் நம் விதி உடைந்துவிடும். மேக்கில் இடம் போதுமா என்று முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

3. புது டிஸ்க்கை எக்ஸ்ஃபேட்டாக மாற்றுங்கள். இதற்கு முன் மற்ற எல்லா டிஸ்க்கையும் பென் டிரைவையும் கழற்றிவிடுங்கள். தவறான டிஸ்க்கை ஃபார்மெட் செய்துவிட்டு அழுதவர்கள் நிறைய பேர். சொருகியிருப்பது ஒன்றே ஒன்று என்றால் தவறு நடக்க வாய்ப்பு குறைவு. மேக்கின் ‘டிஸ்க் யுட்டிலிட்டி’யில் ‘ஷோ ஆல் டிவைசஸ்’ கொடுத்து, வெளி டிஸ்க்குகளின் பட்டியலில் புது டிஸ்க்கின் மேல் வரியைத் தேர்ந்தெடுத்து, ‘எரேஸ்’ சென்று, எக்ஸ்ஃபேட், ‘ஜி.யு.ஐ.டி. பார்ட்டிஷன் மேப்’ என்று கொடுக்க வேண்டும். புரிகிற மாதிரி ஒரு பெயரும் வையுங்கள்.

4. ஒரே ஒரு படத்தை வைத்துச் சோதியுங்கள். ஒரு சின்ன படத்தைப் புது டிஸ்க்கில் போட்டு, அக்காவின் விண்டோஸில் திறக்கிறதா என்று பாருங்கள். அங்கிருந்து ஒரு படத்தைப் போட்டு, மேக்கில் திறக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் சரி என்றால் மேலே போகலாம். ஆயிரக்கணக்கான படங்களை ஏற்றிய பிறகு திறக்கவில்லை என்று தெரிவதைவிட இது மேல்.

5. காப்பி செய்யுங்கள், கட் செய்யாதீர்கள். ‘கட் - பேஸ்ட்’ வேலை பாதியில் நின்றால் பாதி இங்கே, பாதி அங்கே என்று ஆகிவிடும். எது எங்கே என்று தேடுவதற்குள் உயிர் போய்விடும். ஃபோல்டர் ஃபோல்டராகக் காப்பி செய்யுங்கள். மொத்தமாகப் போட்டால், நடுவில் ஒரு கெட்டுப்போன ஃபைல் வந்ததும் மொத்த வேலையும் நின்றுவிடலாம். முடிந்த ஃபோல்டரின் பெயரை ஒரு காகிதத்தில் டிக் செய்துகொண்டே வாருங்கள்.

நேரமும் ஆகும். பழைய யு.எஸ்.பி. 2.0 போர்ட்டில் நொடிக்கு 30 எம்.பி. என்று ஓடினால், 1 டி.பி.க்குச் சுமார் 9 மணி நேரம். நொடிக்கு 100 எம்.பி. கிடைத்தால் 3 மணி நேரத்துக்குள் முடியும். குட்டிக் குட்டி ஃபைல்கள் நிறைய இருந்தால் இன்னும் தாமதமாகும். கம்ப்யூட்டர் தூங்கிவிடாதபடி ‘ஸ்லீப்’பை நிறுத்தி வையுங்கள்.

6. குழந்தையின் படங்களையும் திரும்பப் புது டிஸ்க்கில் போடுங்கள். மேக், பென் டிரைவில் இருப்பதை உடனே அழிக்க வேண்டாம்.

ஏறியதா என்று எப்படித் தெரியும்?

‘காப்பி முடிந்தது’ என்று வந்துவிட்டால் எல்லாம் முடிந்துவிட்டதாக நினைப்போம். பெரிய கம்பெனிகளே அப்படி ஏமாந்திருக்கின்றன. 1998-ல் பிக்ஸார் நிறுவனத்தில் ‘டாய் ஸ்டோரி 2’ படத்தின் ஃபைல்கள் தவறுதலான ஒரு கட்டளையால் அழிந்தன. பேக்கப்பைத் தேடினால், அது ஒழுங்காகப் பதிவாகியிருக்கவில்லை. கைக்குழந்தையோடு வீட்டிலிருந்து வேலை பார்த்த கேலின் சஸ்மன் என்ற தொழில்நுட்ப இயக்குநரின் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒரு பிரதி இருந்ததால் படம் தப்பித்தது. பேக்கப் எடுத்தவர்கள் அதைத் திறந்து பார்க்கவில்லை என்பதுதான் அங்கே பிரச்னை.

அதனால் மூன்று சோதனைகள்.

முதலாவது, அளவு. பழைய ஃபோல்டர், புது ஃபோல்டர் இரண்டின் அளவையும் ஒரே கம்ப்யூட்டரில் வைத்து ஒப்பிடுங்கள். விண்டோஸும் மேக்கும் ஜி.பி.யை வேறு வேறு விதமாகக் கணக்கிடுகின்றன. 1 டி.பி. டிஸ்க்கை மேக் 1 டி.பி. என்றே காட்டும், விண்டோஸ் 931 ஜி.பி. என்று காட்டும். எதுவும் காணாமல் போகவில்லை, கணக்குதான் வேறு. பைட் எண்ணிக்கையைப் பார்த்தால் குழப்பம் இருக்காது. விண்டோஸில் ‘சைஸ்’, ‘சைஸ் ஆன் டிஸ்க்’ என்று இரண்டு எண்கள் இருக்கும். முதலாவதை மட்டும் ஒப்பிடுங்கள். இரண்டாவது, ஃபார்மெட் மாறினால் மாறத்தான் செய்யும்.

எண்ணிக்கையில் சின்ன வித்தியாசம் வந்தால் பதற வேண்டாம். எக்ஸ்ஃபேட் டிஸ்க்கில் மேக் எழுதும்போது, புள்ளியும் அடிக்கோடும் வைத்துத் தொடங்கும் பெயர்களில் குட்டி ஃபைல்களைப் போட்டுவைக்கும். விண்டோஸில் பார்த்தால் ஒவ்வொரு படமும் இரண்டிரண்டாக இருப்பதுபோலத் தெரியலாம். அந்தக் குட்டி திறக்காது. படம் கெட்டுவிட்டது என்று அர்த்தம் இல்லை.

இரண்டாவது, கண்ணால் பார்ப்பது. மிகப் பெரிய ஃபைல், மிகப் பழைய ஃபைல், தமிழில் பெயர் வைத்த ஃபைல், கடைசியாக ஏறிய ஃபைல் என்று தேர்ந்தெடுத்துத் திறந்து பாருங்கள். வீடியோவில் முதல் நிமிடம் மட்டும் போதாது. நடுவிலும் கடைசியிலும் ஓட்டிப் பாருங்கள்.

மூன்றாவது, டிஸ்க்கை எஜெக்ட் செய்து, கழற்றி, மறுபடி சொருகிப் பார்ப்பது. ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்கு ‘16 டி.பி.’ என்று விற்கும் போலி டிஸ்க்குகள் மாட்டுவதும் இந்த மாதிரி சோதனைகளில்தான். அவற்றுக்குள் சின்ன மெமரி ஒன்றை வைத்து, கம்ப்யூட்டரிடம் பெரிய அளவு என்று பொய் சொல்ல வைத்திருப்பார்கள். ஏற ஏற எல்லாம் ஏறும். திறந்தால் பாதி இருக்காது.

சோதனை முடிந்ததும் பழைய டிஸ்க்கை ஃபார்மெட் செய்து வேறு வேலைக்கு எடுக்கலாமா? வேண்டாம். மேலே தேதி எழுதி ஒட்டி, பீரோவில் வையுங்கள். இரண்டாவது நல்ல பிரதி ஒன்று உருவாகும் வரை அது அங்கேயே இருக்கட்டும்.

தமிழில் பெயர் வைத்திருக்கிறீர்களா?

இது நம் ஆட்களுக்கென்றே உள்ள சிக்கல். யுனிகோடு தமிழில் வைத்த பெயர்கள் விண்டோஸ், மேக், எக்ஸ்ஃபேட் மூன்றிலும் நன்றாகவே போகும். ஆனால், சில இடங்களில் இடிக்கும்.

லினக்ஸ் கம்ப்யூட்டர்களில் வழக்கமாக இருக்கும் இ.எக்ஸ்.டி.4 முறையில் ஒரு பெயருக்கு 255 பைட்தான். ஆங்கில எழுத்துக்கு 1 பைட், தமிழ்க் குறியீட்டுக்கு 3 பைட். அதாவது ஆங்கிலத்தில் 255 எழுத்து வைக்கலாம். தமிழில் 85 குறியீடுகளோடு முடிந்துவிடும். ‘கோ’ என்பது நமக்கு ஓர் எழுத்து, கம்ப்யூட்டருக்குக் குறைந்தது 2 குறியீடு. ஆகவே, ‘பெரியப்பா மகள் கல்யாணம் இரண்டாம் நாள் மாலை வரவேற்பு...’ என்று கதை மாதிரி பெயர் வைத்திருந்தால் அங்கே ஏறாது. சுருக்கமாக வையுங்கள்.

பழைய மேக் முறையான எச்.எஃப்.எஸ் பிளஸ், ‘கொ’ போன்ற எழுத்துகளின் குறியைப் பெயருக்குள் இரண்டாகப் பிரித்துச் சேமிக்கும். கண்ணுக்கு ஒன்றாகவே தெரியும். ஆனால், அங்கிருந்து விண்டோஸுக்கு வந்த பிறகு ‘கொலு’ என்று தேடினால் கிடைக்காமல் போகலாம். தேடிக் கிடைக்கவில்லை என்பதால் படம் இல்லை என்று முடிவு செய்யாதீர்கள். ஃபோல்டரைத் திறந்து பாருங்கள். இதுபோலவே கேள்விக்குறி, முக்காற்புள்ளி, நட்சத்திரக் குறி உள்ள பெயர்களும் விண்டோஸில் தகராறு செய்யும். காப்பிக்கு முன்பே மாற்றிவிடுவது நல்லது.

டி.டி.பி. சென்டர் நடத்துபவர்களுக்கும், பழைய கடிதம், பத்திரிகை அழைப்பிதழ் வைத்திருப்பவர்களுக்கும் இன்னொன்று. பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்த ஃபைல்கள் புது டிஸ்க்குக்குப் பத்திரமாகப் போய்ச் சேரும். ஆனால், அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்து கந்தர்கோலமாகத் தெரியும். எழுத்துரு ஃபைலையும் சேர்த்துக் காப்பி செய்யுங்கள். முக்கியமானவற்றை யுனிகோடுக்கு மாற்றியோ, பி.டி.எஃப். ஆக்கியோ வையுங்கள். 1998 பொங்கலன்று தொடங்கிய ‘மதுரைத் திட்டம்’ தமிழ் இலக்கியங்களை முதலில் அன்றைய தமிழ்க் குறியீட்டில்தான் ஏற்றியது. பிறகு யுனிகோடுக்கு மாற்றியது. அந்த மாற்றம் நடந்திராவிட்டால் தன்னார்வலர்கள் தட்டச்சு செய்த நூல்களை இன்று உங்கள் போனில் அப்படியே வாசிக்க முடியாது. டிஸ்க் மாறினால் மட்டும் போதாது, உள்ளே இருப்பதும் படிக்கக்கூடியதாக இருக்க வேண்டும்.

மென்பொருள் எடுத்த பேக்கப் என்றால்?

இதுவரை சொன்னது நாமே காப்பி செய்து வைத்த படம், வீடியோவுக்கு. மேக்கின் ‘டைம் மெஷின்’, விண்டோஸின் ‘சிஸ்டம் இமேஜ்’ போன்றவை வேறு. அவை ஃபார்மெட்டையே நம்பி எழுதப்பட்டவை.

டைம் மெஷின் ஆப்பிள் முறைகளில்தான் இயங்கும். வெளி டிஸ்க் எக்ஸ்ஃபேட்டாக இருந்தால் எடுத்துக்கொள்ளாது. விண்டோஸ் சிஸ்டம் இமேஜுக்கு என்.டி.எஃப்.எஸ் வேண்டும். இவற்றின் ஃபோல்டரை இழுத்து எக்ஸ்ஃபேட் டிஸ்க்கில் போட்டால் பேக்கப் நகர்ந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். தேவைப்படும் நாளில் திறக்காது.

இதற்குச் சுலபமான வழி: பழைய பேக்கப்பை நகர்த்தவே வேண்டாம். அந்த டிஸ்க்கை அப்படியே எடுத்து வையுங்கள். புது டிஸ்க்கில் அந்தந்த மென்பொருளுக்கு ஏற்ற ஃபார்மெட்டில் புதிதாக ஒரு பேக்கப்பைத் தொடங்குங்கள். ஒரே டிஸ்க்கை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியை டைம் மெஷினுக்கும் இன்னொரு பகுதியை எக்ஸ்ஃபேட்டாகக் குடும்பப் படங்களுக்கும் வைக்கலாம். ஆனால், டிஸ்க் விழுந்தால் இரண்டும் சேர்ந்துதான் போகும். இரண்டு பகுதி என்பது இரண்டு பிரதி ஆகாது.

‘டேட்டா அழியாமல் ஃபார்மெட் மாற்ற முடியாதா?’ என்றும் கேட்பீர்கள். விண்டோஸில் ஒரே ஒரு வழி உண்டு. ஃபேட்32 டிஸ்க்கை உள்ளே இருப்பது அழியாமல் என்.டி.எஃப்.எஸ் ஆக்க ‘கன்வர்ட்’ என்ற கட்டளை இருக்கிறது. திரும்பி வர அதில் வழி இல்லை. எக்ஸ்ஃபேட்டுக்கும் இல்லை. அந்தக் கட்டளையைக்கூட இன்னொரு பிரதி கையில் இருந்தால் மட்டும் பயன்படுத்துங்கள்.

ஏற்கெனவே ‘ஓகே’ கொடுத்துவிட்டீர்களா?

உடனே கையை எடுங்கள். ‘குவிக் ஃபார்மெட்’ என்றால் பொருளடக்கம்தான் போயிருக்கும்; உள்ளே இருப்பதில் பெரும்பகுதி இன்னும் அங்கேயே இருக்க வாய்ப்பு உண்டு. அதன் மேல் புதிதாக ஒரு படத்தைக்கூட எழுதாதீர்கள். மீட்கும் மென்பொருளை அதே டிஸ்க்கில் இன்ஸ்டால் செய்யாதீர்கள். மீட்கும் படங்களையும் வேறு டிஸ்க்கில்தான் இறக்க வேண்டும். எஸ்.எஸ்.டி. என்றால் நம்பிக்கை கொஞ்சம் குறைவு. அழித்த இடத்தை அது தானாகவே துடைத்துவிடக்கூடும்.

டிஸ்க்கிலிருந்து ‘டிக்... டிக்...’ என்று சத்தம் வந்தால் மென்பொருள் எதையும் முயலாதீர்கள். கழற்றிவிட்டு, டேட்டா மீட்பில் அனுபவம் உள்ளவரிடம் கொடுங்கள். கொடுக்கும்போது, உள்ளே இருப்பது உங்கள் குடும்பப் படங்கள், ஆதார் நகல், பாஸ்புக் ஸ்கேன் என்பதையும் மறக்க வேண்டாம். முன்பின் தெரியாத இடத்தில் விட்டுவிட்டு வரக்கூடிய பொருள் இல்லை அது.

ஒரே கூரையின் கீழ் வேண்டாம்

இப்போது புது டிஸ்க் தயார். பழைய டிஸ்க்கும் பீரோவில் இருக்கிறது. இரண்டும் ஒரே வீட்டில்.

2024 டிசம்பர் 1-ம் தேதி, ஃபெஞ்சல் புயல் மழையில் திருவண்ணாமலை வ.உ.சி. நகரில் மலைச்சரிவு வீட்டின் மேல் விழுந்து 7 பேர் இறந்தார்கள். அந்த உயிர்களுக்கு முன் ஹார்டு டிஸ்க் ஒரு பொருட்டே இல்லை. ஆனால், வீட்டை இழந்தவர்கள் பிறகு தேடுவதில் போட்டோ ஆல்பமும் ஒன்று என்பதை ஒவ்வொரு வெள்ளத்திலும் பார்க்கிறோம். 1981-ல் யாழ்ப்பாணம் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது, வேறெங்கும் பிரதி இல்லாத ஓலைச்சுவடிகளும் நூல்களும் அதோடு போயின. 2005-ல் தொடங்கிய ‘நூலகம்’ என்ற ஈழத்து மின்னூலகம் இன்று நூல்களையும் இதழ்களையும் டிஜிட்டலாக்கி இணையத்தில் வைக்கிறது. ஒரு கட்டடம் போனால் எல்லாம் போய்விடும் என்ற நிலை அதனால் மாறுகிறது.

வீட்டுக்கும் இதே கணக்குதான். அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் பீட்டர் க்ரோக் பிரபலப்படுத்திய ‘3-2-1’ என்ற விதி உண்டு. 3 பிரதிகள், 2 வகைச் சாதனங்களில், அதில் 1 வேறு இடத்தில். அக்கா அடி அண்ணாமலையில், தம்பி பெங்களூரில் இருப்பது இதற்கு நல்ல வசதி. எக்ஸ்ஃபேட் டிஸ்க் இன்னொன்று வாங்கி, தம்பி ஊருக்குப் போகும்போது கொடுத்துவிடுங்கள். பொங்கலுக்கும் தீபத்துக்கும் வரும்போது புதுப் படங்களைச் சேர்த்துக்கொள்ளலாம். மிக முக்கியமான ஒரு ஃபோல்டரை மட்டும் கிளவுடிலும் வையுங்கள்.

ஹார்டு டிஸ்க்கைப் பூட்டி வைத்துவிட்டு வருடக்கணக்கில் மறந்துவிடவும் கூடாது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை சொருகி, நாலு படம் திறந்து பாருங்கள். அந்த நாள் ஞாபகம் இருக்க வேண்டும் என்றால், ஆடிக்கு ஒருமுறை, தைக்கு ஒருமுறை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வரும் ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் ஒதுக்கி மூன்று வேலைகள் செய்யுங்கள். வீட்டில் இருக்கும் டிஸ்க்குகள் என்னென்ன ஃபார்மெட் என்று பார்த்து, ஒவ்வொன்றின் மேலும் ஸ்டிக்கர் ஒட்டுங்கள். ‘இது வேறு எங்கும் இல்லை’ என்று சொல்லக்கூடிய ஃபைல்களைப் பட்டியல் போடுங்கள். அந்தப் பட்டியலில் முதலில் வருவதை அன்றைக்கே இன்னோர் இடத்தில் காப்பி செய்யுங்கள். அன்று இடையில் எந்தக் கம்ப்யூட்டராவது ‘ஃபார்மெட் செய்யட்டுமா?’ என்று கேட்டால், ‘கேன்சல்’ கொடுத்துவிட்டு, ‘உள்ளே என்ன இருக்கிறது? அது வேறு எங்கே இருக்கிறது?’ என்று வீட்டில் எல்லோரிடமும் கேளுங்கள். பதில் கிடைத்த பிறகு முடிவு செய்யலாம்.